மலை வேட்டைக்கு எடை குறைந்த ரைஃபிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூசிலாந்தின் தென்தீவில் இமயமலை வரையாட்டையும் ஷாமோய் என்ற ஐரோப்பிய மலையாட்டையும் தேடி மலையேறுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பேச்சு முழுக்க, ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளைப் பற்றியது. எடையை எங்கே குறைக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் விஷயம்.

இமயமலை வரையாடு நியூசிலாந்துக்கு எப்படி வந்தது? அதைச் சுடுவது சரியா?

1904இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு பிரபு அன்பளிப்பாக அனுப்பிய வரையாடுகளை மவுண்ட் குக் அடிவாரத்தில் அவிழ்த்துவிட்டார்கள். 1907இல் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப் கொடுத்த ஷாமோய் வந்து சேர்ந்தது. அந்த மலைகளில் இவற்றைப் பிடித்துத் தின்னும் மிருகம் எதுவும் கிடையாது. அங்குள்ள செடிகளும் பெரிய மேய்ச்சல் விலங்குகளை எதிர்பார்த்து வளர்ந்தவை அல்ல. வரையாடு பெருகியபோது உயரமான டஸ்ஸாக் புல்வெளிகளும், மவுண்ட் குக் லில்லி என்று அழைக்கப்படும் வெள்ளைப் பூச்செடியும் கடுமையாக அடிபட்டன. 1993இல் போட்ட கட்டுப்பாட்டுத் திட்டம், வரையாடுகளின் மொத்த எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. தேசியப் பூங்காக்களில் முடிந்தவரை பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் பொறுப்பில் ஒரு பங்கை வேட்டைக்காரர்கள் ஏற்கிறார்கள். இறைச்சியும் வீட்டுக்கு வருகிறது. சரி என்றுதான் நான் நினைக்கிறேன், அடித்தது துடிக்காமல் விழுகிற வரைக்கும். இந்தப் பக்கத்தில் உள்ள அத்தனை பதில்களும் அந்த ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவை.

நம் நீலகிரி வரையாடும் இதுவும் ஒரே இனமா?

இல்லை. முன்பு இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2005இல் வந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு நீலகிரி வரையாடு தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது. செம்மறியாட்டு வகைக்குத்தான் அது நெருக்கமாம். தமிழ்நாட்டின் மாநில விலங்கு, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. அங்கே வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தப் பக்கத்தில் உள்ள எதையும் இந்தியக் காடுகளோடு சேர்த்துப் படிக்காதீர்கள்.

ரைஃபிளின் எடை என்றால் எதையெல்லாம் சேர்த்துச் சொல்கிறீர்கள்?

தோளில் தொங்கும் எல்லாவற்றையும். கம்பெனிக்காரர்கள் போடும் எடை வெறும் துப்பாக்கியுடையது. அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

டிக்கா டி3எக்ஸ் லைட்டை எடுத்துக்கொள்வோம். ஃபின்லாந்தில் செய்வது, நியூசிலாந்து மலைகளில் நிறைய பேர் தோளில் பார்க்கலாம். 57 செ.மீ. பேரலோடு (குழலோடு) சுமார் 2.9 கிலோ. அதன்மேல் நடுத்தர ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) ஒன்று, 500 கிராம். அதைப் பிடிக்கும் இரும்பு வளையங்கள் 170. சைலன்சர் 350. வார் 100. உள்ளே நாலு தோட்டா, இன்னொரு 100. கூட்டிப் பாருங்கள், நாலு கிலோவைத் தாண்டிவிட்டது. ‘லைட்’ என்று பெயர் போட்ட துப்பாக்கியின் கதை இது.

அதனால் வேலையைத் தொடங்குமுன் சமையலறைத் தராசில் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக நிறுத்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பணத்தை எங்கே போடுவது என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

முதலில் எதை மாற்ற வேண்டும்?

ஸ்டாக்கை, அதாவது தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டையை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தொழிற்சாலையிலிருந்து வரும் பிளாஸ்டிக் ஸ்டாக்குகள் பெரும்பாலும் 900 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை இருக்கும். நல்ல கார்பன் ஃபைபர் ஸ்டாக் 500 முதல் 650 கிராம். ஒரே மாற்றத்தில் 300, 400 கிராம் போய்விடுகிறது. அதோடு துப்பாக்கி முன்பைவிட நன்றாகவும் சுடும். எடையும் குறைந்து தரமும் கூடுகிற இடம் ஒரு ரைஃபிளில் இது ஒன்றுதான்.

தரம் ஏன் கூடுகிறது? மலிவான பிளாஸ்டிக் ஸ்டாக்கின் முன்கை, அதாவது பேரலுக்கு அடியில் நீளும் பாகம், வளையும். பையின்மேல் வைத்து அழுத்திப் பிடித்தால் அது மேலே எழும்பிப் பேரலைத் தொடும். தொட்ட பேரல் வேறு மாதிரி அதிரும், குண்டு வேறு இடத்துக்குப் போகும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். குண்டு இல்லை என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே ஒரு பணத்தாளை நுழைத்து ஆக்‌ஷன் (போல்ட் ஓடும் உலோகப் பாகம்) வரை இழுத்துப் பாருங்கள். இலகுவாகப் போகிறதா? இப்போது முன்கையைப் பையின்மேல் வைத்து, சுடும்போது எவ்வளவு அழுத்துவீர்களோ அவ்வளவு அழுத்தி, மறுபடியும் இழுத்துப் பாருங்கள். தாள் சிக்கினால் மலையில் உங்கள் குறி எங்கே போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கார்பன் ஸ்டாக் இப்படி வளையாது.

ஸ்டாக்கை வாங்கி இரண்டு திருகைப் போட்டு முடுக்கினால் வேலை முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஆக்‌ஷன் உட்காரும் இடம் அச்சில் வார்த்ததுபோல் பொருந்த வேண்டும். அதற்கு அந்த இடத்தில் எபாக்ஸி வைத்து பெடிங் செய்வார்கள். டிக்காவில் உதையைத் தாங்கும் சின்ன இரும்புக் கட்டி ஸ்டாக்குக்குள்தான் உட்கார்ந்திருக்கும். அது துளி ஆடினாலும் குறி சிதறும். திருகுகளை முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, ஸ்டாக் செய்தவர் சொன்ன அளவுக்கு மட்டும் முடுக்குங்கள்.

அடுத்து?

ஸ்கோப்பும் அதன் வளையங்களும். 30 மி.மீ. குழாயும் 50 மி.மீ. முன்கண்ணாடியும் உள்ள பெரிய ஸ்கோப்புகள் 600, 700 கிராம் இருக்கும். வரையாட்டை 200, 300 மீட்டரில் சுடுகிறவருக்கு அது தேவையில்லை. ஒரு அங்குலக் குழாய், 36 மி.மீ. முன்கண்ணாடி, எட்டு ஒன்பது மடங்கு உருப்பெருக்கம்: இப்படி ஒன்று 350 கிராமுக்குள் கிடைக்கும். லியூபோல்டும் ஸ்வரோவ்ஸ்கியும் இந்த அளவில் செய்திருக்கிறார்கள். இரும்பு வளையங்களைக் கழற்றி அலுமினிய வளையங்களைப் போட்டால் இன்னொரு 100 கிராம் வரை குறையும். செலவும் கொஞ்சம்தான்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே குறைந்தது ஒன்பது செ.மீ. இடைவெளி வேண்டும். எடை குறைந்த துப்பாக்கி வேகமாகப் பின்னால் வரும், செங்குத்தாக மேல்நோக்கிச் சுடும்போது இன்னும் நெருங்கி வரும். புருவத்தில் பிறை வடிவத் தழும்போடு திரிகிற வேட்டைக்காரர்களை எந்த நாட்டிலும் பார்க்கலாம்.

பேரலைக் குட்டையாக வெட்டலாமா? கார்பன் சுற்றிய பேரல் இன்னும் நல்லதா?

வெட்டலாம். 57 செ.மீ. பேரலை 46க்குக் கொண்டுவந்தால், மெல்லிய பேரலில் ஏறத்தாழ 130 கிராம் குறையும். பெரிய எடை இல்லை. ஆனால் சைலன்சர் மாட்டுகிறவருக்கு நீளம்தான் பிரச்சினை. முழு பேரலின் நுனியில் சைலன்சரும் சேர்ந்தால் புதரில் நடக்கும்போது ஒவ்வொரு கிளையும் பிடித்து இழுக்கும். பாறையில் ஏறும்போது இடிக்கும். 11 செ.மீ. குறைப்பதால் குண்டின் வேகத்தில் வினாடிக்கு 30 மீட்டர் அளவுக்கு இழக்கலாம். .308, 7எம்எம்-08 போன்ற நடுத்தரத் தோட்டாக்களுக்கு 300 மீட்டருக்குள் அது பெரிய இழப்பு அல்ல. மேக்னம் தோட்டா என்றால் வெட்டாதீர்கள்: அவ்வளவு மருந்தும் எரிந்து முடிய நீளம் வேண்டும், குட்டையானால் சத்தமும் தீயும்தான் மிச்சம்.

கார்பன் பேரல் பற்றி நிறையத் தவறான எண்ணம் இருக்கிறது. உள்ளே மெல்லிய இரும்புக் குழல், வெளியே கார்பன் சுற்று. தடித்த இரும்பு பேரலோடு ஒப்பிட்டால் இது மிகவும் எடை குறைந்தது. ஏற்கெனவே மெல்லிதாக இருக்கும் இரும்பு பேரலோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் எடை கூடத்தான் செய்யும். தொடர்ச்சியாகப் பல குண்டுகள் சுடுகிறவருக்கும், மேக்னம் வைத்திருப்பவருக்கும் அதில் பொருள் உண்டு. ஒரு நாளுக்கு ஒரு குண்டோ இரண்டோ சுடும் மலை வேட்டைக்காரர் அந்தப் பணத்தை நல்ல பூட்ஸில் போடலாம்.

பேரல்மேல் வாய்க்கால் வெட்டுவதும் அப்படித்தான். தடித்த பேரலில் பலன் உண்டு. மெல்லிய பேரலில் வெட்ட இடமே கிடையாது.

டைட்டானியம் ஆக்‌ஷன்?

டைட்டானியத்தின் அடர்த்தி இரும்பில் பாதிக்குச் சற்று மேல். ஆகவே எடை குறையும், உண்மைதான். ஆனால் டைட்டானியமும் இரும்பும் உரசும் இடங்களில் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. நல்ல பூச்சும் கச்சிதமான வேலையும் இல்லாவிட்டால் போல்ட் கடினமாகத் தூக்கும். விலையும் ஏராளம். ஸ்டாக், ஸ்கோப், சைலன்சர் மூன்றையும் முடித்த பிறகும் பணம் மிஞ்சினால் யோசிக்கலாம். சைலன்சரை டைட்டானியத்தில் வாங்குவது அப்படியல்ல. நுனியில் தொங்கும் 100 கிராமைக் குறைத்தால் அந்த வித்தியாசத்தைக் கை உடனே உணரும்.

எந்தத் தோட்டா?

உதையிலிருந்து தொடங்குவோம். ஒரே தோட்டாவைச் சுடும்போது, துப்பாக்கியின் எடை பாதியானால் உதையின் ஆற்றல் இரண்டு மடங்காகும். 150 கிரெய்ன் (ஏறத்தாழ 10 கிராம்) குண்டு போட்ட .308 தோட்டா, 3.6 கிலோ ரைஃபிளில் ஏறத்தாழ 22 ஜூல் உதைக்கும். அதே தோட்டா 2.5 கிலோ ரைஃபிளில் 31, 32 ஜூலைத் தொடும். .300 வின்செஸ்டர் மேக்னத்தை அந்த 2.5 கிலோவில் போட்டால் 60 ஜூலை நெருங்கும்.

60 ஜூல் தோளை உடைக்காது. அது கெடுப்பது மனசை. இரண்டு முறை வாங்கிய பிறகு, மூன்றாவது முறை விசையை இழுக்கும் நொடியில் கண் தானாக மூடும், தோள் முன்னால் தள்ளும். உங்களுக்கே தெரியாமல் குண்டு வயிற்றில் பட்டிருக்கும். குடல் கிழிந்த வரையாடு பாறை இடுக்குக்குள் போய் மறைந்து மணிக்கணக்கில் செத்துக்கொண்டிருக்கும். உங்களால் அங்கே போகவும் முடியாது. ‘பெரிய தோட்டா, சின்னத் துப்பாக்கி’ என்ற ஆசையை நான் இவ்வளவு எதிர்ப்பதற்கு இதுதான் காரணம்.

ஆக, 7எம்எம்-08, 6.5 கிரீட்மோர், .308. மூன்றில் எது என்று மணிக்கணக்கில் வாதாடலாம், வரையாட்டுக்கு மூன்றும் போதும். நியூசிலாந்தில் 7எம்எம்-08க்குத் தனிச் செல்வாக்கு உண்டு. எனக்கும் அதுதான் பிடிக்கும். செம்புக் குண்டு பயன்படுத்துகிறவர்கள், அது விரிவதற்குத் தேவையான வேகத்தைக் குண்டு செய்தவரின் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். குட்டை பேரலோடு சேரும்போது எவ்வளவு தூரம்வரை சுடலாம் என்பதை அது தீர்மானிக்கும்.

சைலன்சரா, மசில் பிரேக்கா (பேரல் நுனியில் மாட்டும் உதை குறைப்பானா)?

சைலன்சர். நியூசிலாந்தில் அதற்குத் தனி உரிமம் தேவையில்லை, பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். உதையையும் நுனி எகிறுவதையும் குறைக்கும், காதையும் காக்கும். பிரேக்கும் உதையை நன்றாகக் குறைக்கும். எடையும் நீளமும் குறைவு. ஆனால் அது வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவதால், பக்கத்தில் படுத்திருக்கும் நண்பரின் காதில் போய் அடிக்கும். வேட்டையில் காதடைப்பான் போட மறப்பது சகஜம். போன காது திரும்பாது. 200 கிராம் மிச்சப்படுத்த அந்த விலை கொடுக்க நான் யாரையும் சொல்ல மாட்டேன்.

எந்த எடையில் நிறுத்திக்கொள்வது?

ஸ்கோப், சைலன்சர், வார், தோட்டா எல்லாம் சேர்த்து 3 முதல் 3.3 கிலோ. மேலே சொன்ன டிக்காவையே இந்த மாற்றங்களோடு நிறுத்தால் 3.2 கிலோவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நாலு கிலோவுக்கு மேல் இருந்தது. 900 கிராம் போயிருக்கிறது. ஆக்‌ஷனும் குட்டையாக்கிய பேரலும் பழையவைதான்.

இதற்குக் கீழேயும் போக முடியும். போய்விட்டு வருந்துகிறவர்கள்தான் அதிகம். ஆயிரம் மீட்டர் ஏறி, நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போது இரண்டரைக் கிலோ துப்பாக்கி ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் அசையும். கனமான துப்பாக்கி தன் எடையாலேயே அந்த அசைவை விழுங்கிவிடும். எடை குறைந்ததில் அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டும். குறைக்க இன்னும் அரைக் கிலோ தேவை என்றால் முதுகுப் பையைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

என் புதுத் துப்பாக்கி முதல் இரண்டு குண்டைச் சரியாகப் போடுகிறது, பிறகு விலகுகிறது. ஏன்?

மெல்லிய பேரல் சீக்கிரம் சூடாகும், சூடானதும் குண்டு நகரும். அது துப்பாக்கியின் கோளாறு அல்ல. மூன்று குண்டுக்குப் பிறகு போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு, பேரலைக் கையால் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்வரை காத்திருங்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது குளிர்ந்த பேரலின் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதுதான். பல நாள்களில், ஒவ்வொரு நாளும் முதல் குண்டை மட்டும் அதே அட்டையில் சுட்டுச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். அந்த அட்டை சொல்வதுதான் உங்கள் துப்பாக்கியின் உண்மையான திறன்.

பிடிக்கும் விதத்தையும் மாற்ற வேண்டும். கனமான துப்பாக்கியைப் பையின்மேல் சும்மா கிடத்திவிட்டுச் சுடலாம். இதை அப்படிச் சுட்டால் துள்ளும். முன்கையைக் கையால் பிடித்து லேசாகக் கீழ்நோக்கி இழுத்து, பின்கட்டையைத் தோளில் அணைத்து, ஒவ்வொரு முறையும் அதே அழுத்தத்தில் பிடியுங்கள்.

சரிவில் சுடும்போது கணக்கும் மாறும். 30 பாகைச் சரிவில் 300 மீட்டர் தூரத்தில் நிற்கும் ஆட்டுக்கு, சமதளத்தில் 260 மீட்டருக்கு எப்படிக் குறி வைப்பீர்களோ அப்படித்தான் வைக்க வேண்டும். மேலே பார்த்தாலும் கீழே பார்த்தாலும் இதுவே கணக்கு. அப்புறம், அடித்தால் எங்கே போய் விழும் என்று பாருங்கள். எடுக்க முடியாத பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் ஆட்டை விட்டுவிடுங்கள்.

எதை நானே செய்யலாம்? உரிமம் என்ன?

ஸ்டாக், ஸ்கோப், வார் இவற்றை மாற்றுவது பொறுமையுள்ள எவருக்கும் முடியும். பேரலை வெட்டுவது, நுனியில் மரை போடுவது, புது பேரல் பொருத்துவது எல்லாம் கன்ஸ்மித்தின் (துப்பாக்கிக் கைவினைஞரின்) வேலை. தோட்டா உட்காரும் அறையின் அளவு ஒரு மயிரிழை பிசகினாலும் உயிருக்கு ஆபத்து. விசையின் எடையையும் மிகக் குறைக்காதீர்கள், குளிரில் மரத்த விரலுக்கு அது ஆகாது.

நியூசிலாந்தில் துப்பாக்கி உரிமத்துக்குக் குறைந்தபட்ச வயது 16. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பார்வையாளர் உரிமம் உண்டு. 2023 ஜூன் முதல் துப்பாக்கிகளைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. அரசுப் பாதுகாப்பு நிலங்களில் வேட்டையாட அனுமதிச் சீட்டு வேண்டும், கட்டணம் கிடையாது. நடக்கும்போது அறையில் தோட்டா இருக்கக் கூடாது. பாறையில் கை வைத்து ஏறும் இடத்தில் போல்ட்டையே கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள்.

மழையும் பனியும்?

தென்தீவின் மேற்குக் கரை மலைகளில் சில இடங்களில் ஆண்டுக்குப் பத்து மீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. ஆகவே எவர்சில்வர் பேரல்தான். நுனியில் மின்வேலைக்காரர் ஒட்டும் கறுப்பு டேப்பை ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள், தண்ணீரும் பனியும் உள்ளே போகாது. சுடுவதற்கு முன் கழற்றத் தேவையில்லை. குண்டுக்கு முன்னால் தள்ளப்படும் காற்றே அதைக் கிழித்துவிடும். கூடாரத்துக்குத் திரும்பியதும் சைலன்சரைக் கழற்றி வாய் கீழாக வையுங்கள். மாட்டியபடியே விட்டால் உள்ளே சேர்ந்த ஈரமும் கரியும் மரையைத் தின்னும். போல்ட்டுக்குள் கெட்டியான எண்ணெய் வேண்டாம், உறைகுளிரில் அது இறுகி, தோட்டாவை அடிக்கும் ஊசியின் வேகத்தைக் குறைத்துவிடும்.

இவ்வளவு பாடுபடாமல் ஆயத்தமாகவே வாங்க முடியாதா?

முடியும். அமெரிக்காவில் மெல்வின் ஃபோர்ப்ஸ் 1980களிலேயே கெவ்லாரும் கிராஃபைட்டும் கலந்த ஸ்டாக்கோடு இப்படிப்பட்ட ரைஃபிள்களைச் செய்யத் தொடங்கினார். இன்றைய எடை குறைந்த ரைஃபிள்கள் பலவும் அவர் போட்ட பாதையில் வந்தவை. கிம்பரின் மவுண்டன் அசென்ட் வெறும் துப்பாக்கியாக 2.2 கிலோதான். பணம் இருந்தால் நல்ல தேர்வு. ஆனால் ஏற்கெனவே கையில் ஒரு டிக்காவோ ரெமிங்டனோ இருந்து, அது நன்றாகவும் சுடுகிறது என்றால் அதையே எடை குறைப்பதுதான் என் விருப்பம். அதன் குணம் உங்களுக்குத் தெரியும்.

விமானத்தில் கொண்டுபோகும்போது?

பூட்டிய கெட்டிப் பெட்டியில், போல்ட் கழற்றி. தோட்டா தனியாக, பெரும்பாலான விமான நிறுவனங்களில் ஒருவருக்கு ஐந்து கிலோவுக்குள். நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். போய் இறங்கியதும் மலைக்கு ஓடாதீர்கள். பெட்டி எத்தனை முறை தூக்கிப் போடப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. நூறு மீட்டரில் ஓர் அட்டையை வைத்து, பேரல் குளிர்ந்திருக்கும்போது முதல் குண்டைச் சுட்டுப் பாருங்கள். ஸ்கோப் திருகுகளையும் ஸ்டாக் திருகுகளையும் ரெஞ்ச் போட்டு ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.